சித்திரை விண்மீனின் ஒரு வரி: வானப் பட்டியலில் பதிவாகும் விவரங்கள்

இன்றைய பொழிவின் பொருள் விண்மீன் பட்டியல். வானத்தைப் பகுதி பகுதியாக முறையாக அளந்து எழுதும்போது, ஒவ்வொரு விண்மீனுக்கும் எதிரே என்னென்ன விவரங்கள் பதிவாகின்றன, ஏன் பதிவாகின்றன என்பதே பேச எடுத்துக்கொண்ட செய்தி.

பட்டியல் என்றால் வரியும் கட்டமும். ஒரு விண்மீனுக்கு ஒரு வரி. ஒரு விவரத்துக்கு ஒரு கட்டம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி எழுதிய பட்டியலில் ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்கள் உண்டு. விண்மீன் குழுவுக்குள் அது எங்கே இருக்கிறது என்று ஒரு சிறு வருணனை, வானத்து நெடுங்கோடு, குறுங்கோடு, பிரகாசம் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கே விவரங்கள். 1997-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வெளியிட்ட ஹிப்பார்க்கஸ் பட்டியலில் 1,18,218 விண்மீன்கள். ஒவ்வொன்றுக்கும் 78 கட்டங்கள். அதே நிறுவனத்தின் கையா விண்கலம் அளந்து 2022 ஜூனில் வெளியான மூன்றாம் தொகுப்பில் 180 கோடிக்கும் அதிகமான ஒளிமூலங்கள். அதன் தலைமைப் பட்டியலில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட கட்டங்கள்.

வானம் அதே வானம்தான். கட்டங்கள் ஏன் பெருகின? விண்மீன்களைப் பற்றித் தெரிந்தது கூடிவிட்டது என்பது பாதி விடை. மீதிப் பாதிதான் முக்கியமானது. எழுதிய ஒவ்வொரு எண்ணையும் பார்த்து வானியலார் மூன்று கேள்விகள் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். இது எப்போது அளந்தது? எவ்வளவு பிழை இருக்கலாம்? எதைக் கொண்டு, எந்த முறையில் அளந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதத்தான் புதிய கட்டங்களில் பெரும்பாலானவை வந்தன.

இந்தப் பாடத்தை உலகம் கற்ற இடங்களில் ஒன்று சென்னை. 1786-இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தம் வீட்டில் வைத்திருந்த வானாய்வுக் கூடத்திலிருந்து அது தொடங்குகிறது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் கூடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக அன்று நட்ட கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் பொறித்த கல்வெட்டோடு, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1830-இல் அங்கே பொறுப்பேற்ற தாமஸ் கிளான்வில் டெய்லர் பதினான்கு ஆண்டுகளில் 11,015 விண்மீன்களை அளந்து, 1844-இல் பட்டியலாக வெளியிட்டார். அந்தக் காலத்தில் உலகின் பெரிய பட்டியல்களில் அது ஒன்று.

அதைச் செய்ய ஏன் சென்னை? இலண்டன் 51 பாகைக்கும் மேலே வடக்கே இருக்கிறது. தெற்கு வானத்தின் ஒரு பெரிய பகுதி அங்கே தொடுவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. சென்னை 13 பாகையில் இருக்கிறது. சிவகாசி ஒன்பதரைப் பாகையில். அகத்தியர் என்று நம் முன்னோர் அழைத்த விண்மீனை இலண்டன்காரர் தம் ஊரிலிருந்து ஒருநாளும் காண முடியாது. சிவகாசியிலோ மாசி மாதத்து முன்னிரவில், தென்திசையில், தொடுவானத்திலிருந்து 28 பாகை உயரத்தில் அது பளிச்சென்று நிற்கும். துருவ நட்சத்திரமும் வடக்கே ஒன்பதரைப் பாகை உயரத்தில் தெரியும். ஏறக்குறைய முழு வானமும் கண்ணுக்கு எட்டும் மண் இது.

இனி ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்ப்பது நல்லது. சித்திரை விண்மீனை எடுத்துக்கொள்ளலாம். மேலை நாட்டார் அதை ஸ்பைகா என்பார்கள். கன்னி ராசியில் இருக்கிறது. சித்திரை மாத நிறைநிலவு இதன் அருகே வருவதால்தான் அந்த மாதத்துக்கே அந்தப் பெயர்.

முதல் கட்டம் அடையாள எண். ஹிப்பார்க்கஸ் பட்டியலில் சித்திரையின் எண் 65474. பெயர் இருக்கும்போது எண் எதற்கு? சொந்தப் பெயருள்ள விண்மீன்கள் சில நூறு மட்டுமே. 180 கோடிக்குப் பெயர் வைக்க எந்த மொழியிலும் சொல் இல்லை. அதனால் சில பட்டியல்கள் வரிசை எண் தருகின்றன. சில பட்டியல்கள் இருப்பிடத்தையே பெயராக்குகின்றன: 1997 முதல் 2001 வரை அகச்சிவப்பு ஒளியில் வானம் முழுவதையும் அளந்த டூமாஸ் பட்டியலில், விண்மீனின் வானத்து இருப்பிட எண்களைச் சேர்த்து எழுதினால் அதுவே அதன் பெயர். கையாவோ வானத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, விண்மீன் எந்தத் துண்டில் இருக்கிறது என்பதை அடையாள எண்ணுக்குள்ளேயே பொதிந்து வைக்கிறது. ஒரே விண்மீனுக்குப் பத்துப் பட்டியல்களில் பத்து எண்கள். அவை எல்லாம் ஒரே விண்மீன்தான் என்று பொருத்திக் காட்டுவதற்கென்றே தனிக் கட்டங்களும் தனி அட்டவணைகளும் இருக்கின்றன.

அடுத்த இரண்டு கட்டங்கள் இருப்பிடம். பூமியில் ஓர் ஊருக்கு நெடுங்கோடும் குறுங்கோடும் இருப்பதுபோல வானத்தில் வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்ற இரண்டும் உண்டு. சித்திரையின் வல ஏற்றம் 13 மணி 25 நிமிடம் 11.6 நொடி. நடுவரை விலக்கம் தெற்கே 11 பாகை 9 கலை 41 விகலை. கோணத்தை மணிக்கணக்கில் எழுதுவது ஏன்? அதை அளந்ததே கடிகாரத்தால் என்பதால்தான். தெற்கு வடக்காக மட்டும் அசையும்படி ஒரு தொலைநோக்கியைப் பொருத்திவைப்பார்கள். பார்வைப் புலத்தில் மெல்லிய இழைகள் செங்குத்தாகக் கட்டப்பட்டிருக்கும். விண்மீன் ஒவ்வோர் இழையையும் கடக்கும் கணத்தைக் கண் பார்க்கும், கடிகாரத்தின் தட்டலைக் காது எண்ணும், கை எழுதும். அதுவே வல ஏற்றம். எவ்வளவு உயரத்தில் கடந்தது என்பதைச் சுவரோடு பொருத்திய பெரிய வட்டத்தின் அளவுகோடுகளில் படித்தால் நடுவரை விலக்கம். சென்னையில் டெய்லரும் அவருடைய இந்திய உதவியாளர்களும் இப்படித்தான், ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு முறை என்று நிறுத்தாமல், திரும்பத் திரும்ப அளந்தார்கள்.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே விண்மீன் ஒரே இழையைக் கடக்கும்போது இருவர் எழுதும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் சற்று முந்துவார், ஒருவர் சற்றுப் பிந்துவார். 1796-இல் கிரீனிச்சில் தலைமை வானியலார் மாஸ்கிலின், தம் உதவியாளர் எழுதும் நேரம் தம்முடையதோடு ஒத்துப்போகவில்லை என்று அவரை வேலையிலிருந்தே நீக்கினார். அது அந்த உதவியாளரின் குற்றமே இல்லை. ஒவ்வொரு மனிதருக்கும் இப்படி ஒரு நிலையான வேறுபாடு உண்டு என்று பின்னால் ஜெர்மானிய வானியலார் பெசல் காட்டினார். அதன் பிறகு அளந்தவர் யார் என்பதும் பதிவேட்டில் எழுத வேண்டிய விவரமாயிற்று. வேலையிழந்த ஒரு மனிதரின் துயரம் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இருப்பிடம் கிடைத்தாயிற்று. இது போதுமா? போதாது. இந்த இருப்பிடம் எந்த ஆண்டுக்குரியது? மேலே சொன்ன சித்திரையின் எண்கள் 2000-ஆம் ஆண்டின் கணக்குப்படி. டெய்லரின் பட்டியலிலோ எல்லா இருப்பிடங்களும் 1835 ஜனவரி 1-ஆம் நாளுக்குத் திருத்தி எழுதப்பட்டவை. பூமியின் அச்சு மிக மெல்லச் சுழன்று திரும்புவதால், அளவுக்கோட்டின் தொடக்கப் புள்ளியே ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை நகர்கிறது. 165 ஆண்டுகளில் அது சுமார் 2.3 பாகை, நிலவின் அகலத்தைப்போல நாலரை மடங்கு. ஆண்டு எது என்று தெரியாமல் டெய்லரின் எண்ணை எடுத்துத் தொலைநோக்கியைத் திருப்பினால் அங்கே சித்திரை இருக்காது.

இந்த நகர்வைக் கண்டுபிடிக்க உதவியதே சித்திரை விண்மீன்தான் என்பது இங்கே சொல்லியே ஆக வேண்டிய செய்தி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலார் ஹிப்பார்க்கஸ் சித்திரையை அளந்தபோது, இலையுதிர் காலச் சமநோக்குப் புள்ளியிலிருந்து அது 6 பாகை தள்ளி இருந்தது. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் திமோகாரிஸ் என்பவர் எழுதிவைத்த குறிப்பு 8 பாகை என்றது. முன்னவர் தவறு செய்தார் என்று ஹிப்பார்க்கஸ் தள்ளிவிடவில்லை. இரண்டு குறிப்புகளுக்கும் காலம் தெரிந்திருந்தது. அதனால் புள்ளி நகர்கிறது என்ற உண்மை வெளிப்பட்டது. நாள் எழுதாமல் திமோகாரிஸ் விட்டிருந்தால்?

சிவகாசிக்கு இது அயல்செய்தி அன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் இந்த ஊரில் வெளியாகின்றன. தினசரி காலண்டர் தாளில் திதிக்கு ஒரு கட்டம், நட்சத்திரத்துக்கு ஒரு கட்டம், நல்ல நேரத்துக்கும் இராகு காலத்துக்கும் வேறு கட்டங்கள் என்று இருப்பதும் ஒரு வானப் பட்டியல்தான். அந்த நட்சத்திரக் கட்டத்தை நிரப்ப, அயனாம்சம் என்ற எண் தேவை. தொடக்கப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதே அயனாம்சம். மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் தந்த அறிக்கையில் அதற்கு ஓர் அடிப்படை வகுத்தது. சித்திரை விண்மீனை 180 பாகையில் வைத்துக் கணக்கிடும் முறை அது. அதன்படி 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை. இன்று 24 பாகைக்குச் சற்று மேல்.

வாக்கியப் பஞ்சாங்கப்படி அச்சிட்ட காலண்டரும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அச்சிட்ட காலண்டரும் ஒரே நாளில் நட்சத்திரம் முடியும் நேரத்தை வேறு வேறாகக் காட்டும். எந்த முறை என்று தாளில் எழுதியிருந்தால் குழப்பம் இல்லை. சூரிய உதயம் எந்த ஊருக்கு என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது; பல தாள்களில் அது இருப்பதில்லை. முறையும் ஊரும் சொல்லாத நேரம் பாதி நேரம்தான். இதைச் சொல்வது அச்சகத்தாரைக் குறை கூறுவதற்கு அன்று. உலகத்துக்கே நாள் குறித்துத் தரும் ஊர் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்ற வேண்டுகோள்.

சென்னைக் கூடத்தில் வானாய்வு, பஞ்சாங்கம் என்ற இந்த இரண்டு உலகங்களையும் இணைத்த மனிதர் ஒருவர் இருந்தார். சிந்தாமணி இரகுநாதாச்சாரி. கூடத்தின் முதல் உதவியாளராகப் பணியாற்றியவர். பார்த்து அளந்த வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1867-இல் தெற்கு வானத்தில் வலைக்குழு என்ற விண்மீன் குழுவில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர் பெற்ற அதன் ஒளி ஒருமுறை ஏறி இறங்கச் சுமார் 278 நாள் ஆகிறது. ஐரோப்பியக் கூடங்களின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்த விண்மீன் அது. 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதற்கு முன்பே, அதைப் பொதுமக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் நூல் எழுதினார். நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும்.

இருப்பிடத்தை அடுத்து வருவது பொலிவெண். சித்திரையின் பொலிவெண் ஏறத்தாழ 1. எண் கூடக்கூட ஒளி குறையும் என்பது இந்தக் கட்டத்தின் தனிப் பழக்கம். பழைய கிரேக்கர் முதல்தரம், இரண்டாம்தரம் என்று வகுத்ததன் எச்சம். தரம் ஒன்றுக்கும் ஆறுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு? 1856-இல் நார்மன் ராபர்ட் பாக்சன் ஒரு விதி சொன்னார்: ஐந்து படி வேறுபட்டால் ஒளி சரியாக நூறு மடங்கு வேறுபடும், ஒரு படிக்கு 2.512 மடங்கு. அந்தப் பாக்சன்தான் 1861-இல் சென்னைக் கூடத்துக்குத் தலைமை ஏற்று வந்து, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். வந்த ஆண்டிலேயே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். அவர் விதியைத்தான் இன்றும் உலகம் முழுக்க எல்லாப் பட்டியல்களும் பின்பற்றுகின்றன. கையா காணும் மிக மங்கலான விண்மீன்களின் பொலிவெண் 21-ஐ ஒட்டி இருக்கும். சித்திரையைவிட அவை பத்துக் கோடி மடங்கு மங்கல்.

பொலிவெண்ணுக்கும் நாள் தேவையா? தேவை. திருவாதிரை விண்மீனே சான்று. 2019-ஆம் ஆண்டு கடைசியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில், வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே இறங்கியது. வெறும் கண்ணாலேயே வேறுபாடு தெரிந்தது. பிறகு மீண்டும் ஏறிவிட்டது. நாள் இல்லாமல் திருவாதிரைக்கு எழுதிய பொலிவெண்ணை எப்படி நம்புவது?

ஒளியின் அளவுக்குப் பின் ஒளியின் நிறம். இங்கே பட்டாசுத் தொழிலாளர்கள் வானியலாருக்கே பாடம் சொல்லக்கூடியவர்கள். பேன்சி ரகங்களுக்கான மணி மருந்தில் ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்த்தால் சிவப்பு, பேரியம் சேர்த்தால் பச்சை, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம் என்பது இந்த வட்டாரத்தில் ஆலைக்குள் நுழைந்தவர் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக்கோடுகளை வெளிவிடுவதால் அப்படி. அதே விதியால்தான் விண்மீனின் நிறமாலையில் உள்ள கோடுகளைப் பார்த்து அதில் என்ன தனிமம் இருக்கிறது என்று படிக்கிறார்கள். ஆனால் திருவாதிரை சிவப்பாக இருப்பதற்குக் காரணம் ஸ்ட்ரான்சியம் அன்று. அதன் மேற்பரப்பு வெப்பம் சூரியனைவிடக் குறைவு. சுமார் 3,500 டிகிரிதான். சித்திரையின் வெப்பமோ 20,000 டிகிரிக்கும் மேல், அதனால் நீலவெண்மை.

இதைப் பட்டியல் எப்படி எழுதுகிறது? நீல வடிகட்டி வழியே ஒரு பொலிவெண், மஞ்சள் பச்சை வடிகட்டி வழியே இன்னொன்று. இரண்டின் கழித்தல் மீதியே நிறக் கட்டம். சித்திரைக்கு அது சுழிக்குக் கீழே, −0.2-ஐ ஒட்டி. திருவாதிரைக்கு 1.8-ஐ ஒட்டி. நிறமாலை வகைக்கு வேறொரு கட்டம்; அதில் சித்திரைக்கு பி1 என்று இருக்கும். 2000-இல் தொடங்கிய ஸ்லோன் வானளவை ஐந்து வடிகட்டிகளில் வானத்தின் மூன்றில் ஒரு பங்கைப் படம்பிடித்தது. எந்த வடிகட்டி என்று சொல்லாத பொலிவெண்ணை ஒப்பிடவே முடியாது. ஸ்லோன் பட்டியலில் வகைக் கட்டம் ஒன்றும் உண்டு: 6 என்றால் விண்மீன், 3 என்றால் விண்மீன் திரள். புள்ளியாகத் தெரிகிறதா, பரவித் தெரிகிறதா என்று பார்த்துக் கணினியே போட்ட எண் அது. மங்கலான இடத்தில் அது தவறவும் செய்யும்.

அடுத்தது தொலைவு. உண்மையில் எந்த வானளவையும் தொலைவை நேராக அளப்பதில்லை. அளப்பது இடமாறு தோற்றம் என்ற கோணம். பூமி சூரியனைச் சுற்றும்போது அண்மை விண்மீன், பின்னணியில் உள்ள தொலை விண்மீன்களுக்கு எதிரே சிறிது அசைந்து தெரிகிறது. சித்திரைக்கு ஹிப்பார்க்கஸ் தரவை மீண்டும் கணித்து 2007-இல் வெளியிட்ட அளவு 13.06 மில்லி விகலை; அதாவது ஒரு விகலையை ஆயிரம் பங்காக்கினால் பதின்மூன்று பங்கு. அதிலிருந்து கிடைக்கும் தொலைவு 250 ஒளியாண்டு. பள்ளிப் புத்தகம் அங்கே நின்றுவிடும். பட்டியல் நிற்காது. பக்கத்துக் கட்டத்தில் பிழை 0.70 என்று எழுதுகிறது. அப்படியானால் தொலைவு 237-ஆகவும் இருக்கலாம், 264-ஆகவும் இருக்கலாம். 250 என்று மட்டும் சொல்பவருக்குத் தெரியாத ஒன்று, பிழைக் கட்டத்தைப் படித்தவருக்குத் தெரிகிறது.

பிழைக் கட்டத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கையா பட்டியலில் கோடிக்கணக்கான விண்மீன்களுக்கு இடமாறு தோற்றம் சுழிக்குக் கீழே, எதிர்மறை எண்ணாக இருக்கிறது. தொலைவு எதிர்மறையாக இருக்க முடியுமா? முடியாது. பிறகு ஏன் அந்த எண்களை நீக்கவில்லை? மிகத் தொலைவில் உள்ள விண்மீனின் உண்மைக் கோணம் சுழியை ஒட்டி இருக்கும். அளவைப் பிழை அதை மேலேயும் தள்ளும், கீழேயும் தள்ளும். கீழே தள்ளியவற்றை மட்டும் அழித்துவிட்டால், மிஞ்சுபவை எல்லாம் மேலே தள்ளியவையாகிவிடும். வானம் முழுவதும் உண்மையைவிட நெருங்கி வந்துவிடும். அழகாகத் தெரியாத எண்ணையும் அப்படியே வைப்பதுதான் நேர்மையான பட்டியல். கல்லூரி ஆய்வகத்தில் பொருந்தாத அளவீட்டை இரப்பர் கொண்டு அழிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும்.

தன்னியக்கம் என்பது மற்றொரு கட்டம். விண்மீன்கள் நிலையானவை என்பது கண்ணுக்கு மட்டும். பர்னார்டு விண்மீன் ஆண்டுக்குப் பத்து விகலைக்கு மேல் நகர்கிறது. அதற்கு ஈடான வேகம் வானில் வேறெதற்கும் இல்லை. சித்திரை நகர்வது ஒரு விகலையில் இருபதில் ஒரு பங்கு. நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து கணித்து ஆரத் திசைவேகக் கட்டத்தில் எழுதுகிறார்கள். சித்திரை விஷயத்தில் அந்தக் கட்டம் ஏமாற்றும். அது ஒரே விண்மீன் அன்று. நான்கு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை. இன்றைய வேகம் நாளை இருக்காது. கையாவில் இத்தகையவற்றைக் காட்டிக்கொடுக்க ஒரு தர எண் இருக்கிறது: அது 1-ஐ ஒட்டி இருந்தால் அளவு நன்றாகப் பொருந்தியது என்று பொருள், 1.4-ஐத் தாண்டினால் துணை விண்மீன் ஒன்று இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும்.

எச்சரிக்கைக் குறிகள் பட்டியலின் கடைசியில் ஒதுங்கி இருக்கும். முதலில் படிக்க வேண்டியவை அவைதான். டூமாஸ் பட்டியலில் 47 கோடி ஒளிமூலங்கள். ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எழுத்து: ஏ என்றால் நல்ல அளவு, யூ என்றால் உண்மையில் ஒன்றும் தெரியவில்லை, இதைவிட மங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்ற மேல்வரம்பு மட்டும். வேறொரு கட்டத்தில் டி என்ற எழுத்து இருந்தால், அங்கே விண்மீனே இல்லாமலும் இருக்கலாம். அருகில் உள்ள பெரிய விண்மீனின் ஒளிக்கதிர் தெறித்து உண்டான பொய்த்தோற்றமாக இருக்கலாம். பி என்றால் கருவியில் முந்தைய படத்தின் ஒளி தங்கிவிட்டது. குறியைப் பாராமல் எண்ணை எடுத்துப் புதிய கண்டுபிடிப்பு என்று அறிவித்தால், கருவியின் நிழலைத்தான் கண்டுபிடித்ததாகும்.

தமிழ்நாட்டில் வானளவை சென்னையோடு முடிந்துவிடவில்லை. சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு, 1980-களின் இறுதியில், கல்கி என்ற பெயரில் குறுங்கோள் தேடல் நடந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். இராஜமோகன் அங்கே ஒரு குறுங்கோளைக் கண்டார். இன்று அதன் பெயர் 4130 இராமானுஜன். பெயர் சூட்டும்வரை அதன் அடையாளம் 1988 டி க்யூ1. அந்த எழுத்துகள் சும்மா வந்தவை அல்ல: டி என்பது பிப்ரவரியின் இரண்டாம் பாதி, க்யூ1 அந்தப் பதினைந்து நாளில் எத்தனையாவது கண்டுபிடிப்பு என்ற வரிசை. குறுங்கோளுக்கு நேரக் கட்டம் உயிர். விண்மீன் அங்கேயே இருக்கும், குறுங்கோள் இருக்காது. நொடி வரை நேரமும், பார்த்த கூடம் எது என்ற குறியீடும் இல்லாவிட்டால் பாதையைக் கணிக்கவே முடியாது. கண்டது கைநழுவிப் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத வானத்துக்கும் பட்டியல் உண்டு. உதகை அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, நிலா மறைக்கும் கணத்தைக் கொண்டு ரேடியோ மூலங்களின் இருப்பிடத்தையும் அளவையும் கணித்தது. அதை உருவாக்கிய வானியலார் கோவிந்த் சுவரூப் முன்னின்று புனே அருகே அமைத்த பெரிய தொலைநோக்கித் தொகுதி, 150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானத்தின் 90 விழுக்காட்டை அளந்தது. 2017-இல் வெளியான அதன் பட்டியலில் 6 இலட்சத்துக்கும் அதிகமான மூலங்கள். அதில் பொலிவெண் இல்லை. மொத்தப் பாயம், உச்சப் பாயம், நீள அகலம், சாய்வு, அந்த இடத்தில் இருந்த இரைச்சல் அளவு என்று கட்டங்கள் மாறிவிடுகின்றன. பிழைக்கு மட்டும் அங்கேயும் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

டெய்லரின் பட்டியலுக்கு ஒரு பின்கதை உண்டு. வெளியாகி அரை நூற்றாண்டுக்குப் பிறகு, விண்மீன்களின் இடமாற்றத்தைக் கணக்கிட அது தேவைப்பட்டது. பழைய அளவுகளை எடுத்துத் திருத்தங்களை மீண்டும் கணித்து, டவுனிங் என்பவர் 1901-இல் புதிய பதிப்பாக வெளியிட்டார். நுங்கம்பாக்கத்தில் எழுதிய எண்களோடு எந்த ஆண்டு, என்ன திருத்தம் என்ற விவரமும் சேர்ந்திருந்ததால்தான் அது முடிந்தது.

கையா விண்கலத்தின் பணி 2025-இல் நிறைவுற்றது. சிலி நாட்டு மலையுச்சியில் வேரா ரூபின் வானாய்வகம் அதே ஆண்டு ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டு காலம் தெற்கு வானத்தைத் திரும்பத் திரும்ப அளக்கப்போகிறது. இங்கே சொன்ன ஹிப்பார்க்கஸ், டூமாஸ், ஸ்லோன், கையா பட்டியல்கள் எல்லாம் இணையத்தில் கட்டணமின்றி எவருக்கும் கிடைக்கின்றன. விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளின் இயற்பியல், கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு துறையிலும் சில மாணவர்களை அமர்த்தி, கையாவின் தலைமைப் பட்டியலில் ஒரு நூறு வரிகளை இறக்கி, எண்களுக்கு முன் பிழைக் கட்டத்தையும் எச்சரிக்கைக் குறிகளையும் படிக்கப் பழக்குங்கள். கையாவின் நான்காம் தொகுப்பு 2026 டிசம்பரில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு விண்மீனையும் தனித்தனி நாளில் அளந்த அளவுகள் முழுவதும் அதில் முதன்முறையாக இடம்பெறும். அந்த நாளுக்குள் நம் மாணவர்கள் தயாராக இருக்கட்டும்.